காலடிப்பேட்டைக்கு வந்த வாஸ்து மீன்

ஃப்ளோரன்சுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆனாலும் ராயபுரத்தில் அந்தக் கப்பல் ஏஜென்சி ஆபீசில் அவளுக்கு ஆயா என்றுதான் பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, நாற்பதைத் தொடுவதற்கு முன்னாலேயே, ஆயாவாக்கிவிட்டார்கள். கூட்டுவது, துடைப்பது, டீ வாங்கி வருவது, முதலாளி அறையில் இருக்கும் சாமி படங்களுக்குப் பூ வைப்பது எல்லாம் அவள்தான். கழுத்தில் ஜெபமாலை போட்டவள் நம்ம சாமிக்குப் பூ வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஓசியில் நடக்கிற வேலையில் யார் மதம் பார்ப்பார்கள்.

அந்த ஆபீசின் வடகிழக்கு மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. வாஸ்து பார்க்க வந்தவர், கடல் மீன் வைக்க வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றுதான் வைக்க வேண்டும், நாலைந்து வைத்தால் வருகிற பணம் நாலைந்து பக்கம் போய்விடும் என்று சொல்லியிருந்தார். விமானத்தில் வந்து இறங்கியது மீன். பார்க்க ஒன்றும் பெரிய அழகில்லை. சாம்பல் நிறம், அங்கங்கே கறுப்புப் பொட்டு, நாய்க்குட்டி மாதிரி மூக்கும் முழியும். அதைப் போய் முதலாளி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். லட்சுமி சார் இது, என்பார்.

ஃப்ளோரன்சுக்கு அது லட்சுமியும் இல்லை, மாதாவும் இல்லை. காலையில் மற்றவர்கள் வருமுன் அவள் தரையைத் துடைக்க ஆரம்பித்தால், அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகப்போக அதுவும் கண்ணாடியை ஒட்டியே கூட வரும். அவள் நின்றால் நிற்கும். இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டி அவளைப் பார்க்கும். பாக்கெட்டில் வரும் மெத்தென்ற உருண்டைத் தீனியை அவள் கையால் போட்டால்தான் அதற்குப் பிடிக்கும் என்று அவள் நம்பினாள். அந்த ஆபீசில் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்தது அது ஒன்றுதான். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

லட்சுமி இருந்தும் தொழில் படுத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன முதலாளி திங்கட்கிழமை வரவில்லை, அப்புறமும் வரவில்லை. கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கும் மேலே கதவு பூட்டியே கிடந்தது. பிறகு கட்டடக்காரர் ஃப்ளோரன்சுக்குப் போன் போட்டு, வந்து சுத்தம் பண்ணிக் கொடு, அந்த மீன் தொட்டியையும் காலி பண்ணு, நாறுது, மீனைத் தூக்கிக் குப்பையில் போடு என்றார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போனாள். செத்த மீனைப் பார்க்கப் போகிறோம் என்று வழியெல்லாம் அழுது மனதைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு மெல்ல வந்து கண்ணாடியில் முட்டியது. ஃப்ளோரன்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி மெலிந்து, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்து, ஆனாலும் அவளைப் பார்க்க வந்திருந்தது அது. கட்டடக்காரரிடம் இதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். அவருக்கு அறை காலியானால் போதும். பெயிண்ட் பக்கெட்டில் மீனும், கேனில் அந்தத் தொட்டித் தண்ணீரும், ஷேர் ஆட்டோவில் எல்லோருடைய திட்டும் வாங்கிக்கொண்டு காலடிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் அலெக்ஸாண்டர் இருந்தான். ஃப்ளோரன்சின் புருஷன், டிரெய்லர் டிரைவர். ஹார்பர் கேட்டில் வண்டியை வரிசையில் விட்டால் எப்போது உள்ளே போகும், எப்போது வெளியே வரும் என்று அவனுக்கே தெரியாது. அன்றைக்கு அதிசயமாக வீட்டில் இருந்தான். இன்னாமே இது என்று எட்டிப் பார்த்தான். காசிமேட்டில் லாஞ்சு, அதாவது விசைப்படகு, ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்து, லாஞ்சிலேயே வளர்ந்தவன்தான், ஆனால் எலும்பும் தோலுமாய்க் கிடந்த அந்த மீன் இன்னதென்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஃப்ளோரன்ஸ் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்சில் பிறந்தவள், மீனை முழுதாகப் பார்த்ததே குறைவு. துணி அலசுகிற டப்பில் மாற்றலாம் என்று அவள் இரண்டு கையாலும் அதை வெளியே தூக்கினாள்.

தூக்கியதும் அது உப்பியது. கர் கர்ரென்று காற்றை இழுத்து, அவள் கைக்குள்ளேயே பந்து மாதிரி உருண்டுவிட்டது. உடம்பெல்லாம் சொரசொரவென்று குத்தியது. அவள் கத்திக்கொண்டே டப்பில் போட்டாள். அது வயிறு மேலாக மிதந்தது. திரும்பிப் பார்த்தால் அலெக்ஸாண்டர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறான். பதினெட்டுச் சக்கர வண்டியை ஒற்றைக் கையில் திருப்புகிறவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பேத்தைமே அது," என்றான். "பேத்தை."

பேத்தை என்றால் கடல்புறத்தில் குழந்தைக்கும் தெரியும். வலையில் வந்தால் காலால் எத்தித் தள்ளுகிற மீன். விலையும் கிடையாது, வாங்க ஆளும் கிடையாது, காரணம் விஷம். முதலாளி லட்சுமி என்று ஊருக்கெல்லாம் காட்டியது இதைத்தானா என்று ஃப்ளோரன்சுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டாள். அலெக்ஸாண்டர் சிரிக்கவில்லை.

"எங்கண்ணன் தண்ணில முழுகி சாவலமே," என்றான். "இத்த துன்னுட்டுதான் செத்தான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரிந்தது, அண்ணன் யேசுதாஸ் கடலில் போய்விட்டான் என்பது மட்டும்தான். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போதுகூட அதற்கு மேல் யாரும் அவளிடம் சொன்னதில்லை. இப்போது அவன் டப்பைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஆழத்தில் தங்கி மீன் பிடிக்கப் போன லாஞ்சு. தலையையும் குடலையும் ஈரலையும் எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று எவனோ சொல்ல, யேசுதாஸ் தான் சமைக்கிறேன் என்று உட்கார்ந்தான். ருசி பார்க்க முதல் துண்டை வாயில் போட்டவனும் அவன்தான். அலெக்ஸாண்டர் அப்போது கீழே ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தான். அவன் மேலே வந்தபோது அண்ணன் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அப்புறம் கை விழுந்தது, கால் விழுந்தது, பேச்சு போனது. கரைக்குத் திரும்புகிற வரைக்கும் கண் மட்டும் தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். அந்தக் கண்ணை மறக்கத்தான் அவன் கடலை விட்டு ரோட்டுக்கு வந்தான்.

கூடப் படுத்து எழுந்த மனுஷனுக்குள் இப்படி ஒன்று இத்தனை நாள் கிடந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லையே என்று ஃப்ளோரன்ஸ் நினைத்துக்கொண்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, தான் திரும்பி வரும்போது அது வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டான். டப்பில் மீன் மெல்ல மெல்லக் காற்றை விட்டு, சுருங்கி, ஒருக்களித்து அவளைப் பார்த்தது. தூக்கிப்போட அவளுக்குக் கை வரவில்லை. புருஷன் பக்கம் நியாயம் இருக்கிறது, அது நன்றாகவே தெரிந்தது. அதனால் கை வந்துவிடுமா?

திருவொற்றியூர் ஹைரோட்டில் கமால் என்று ஒரு ஆள் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தார். தங்க மீனும் சண்டை மீனும்தான் அவருக்குப் பழக்கம், கடல் மீன் வைத்து ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவர். ஃப்ளோரன்ஸ் போய் அழாத குறையாக நின்றதும், பழைய தொட்டி ஒன்றையும் காற்று மோட்டாரையும் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். மீனைப் பார்த்தவர், நாய்மூஞ்சிப் பேத்தை என்று சொல்லி, போனில் படத்தையும் காட்டினார். வெளிநாட்டில் இதைச் செல்லப்பிராணி மாதிரி வளர்க்கிறார்களாம், முகம் அடையாளம் தெரியுமாம். அது எனக்கே தெரியும் என்றாள் ஃப்ளோரன்ஸ். இதை இனிமேல் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே கூடாது, காற்றைக் குடித்தால் அதை வெளியே விட ரொம்பக் கஷ்டப்படும், செத்தும் போகும் என்று கமால் திட்டினார். நல்ல தண்ணீர் வேண்டும், உப்பு கலக்கிக் கொடுக்கிறேன், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று ஃப்ளோரன்ஸ் யோசித்ததுதான் வினையாகப் போனது. கடல் மீன், தெருக்கோடியில் கடல். இதற்குப் போய் யாராவது கடையில் உப்பு வாங்குவார்களா? கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். அலைக்குப் போட்ட பாறாங்கல் மேல் தட்டுத்தடுமாறி இறங்கி, மொண்டு மொண்டு வந்து தொட்டியை நிரப்பினாள். பிள்ளையைத் தாய்வீட்டில் சேர்த்த மாதிரி நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. பொட்டெல்லாம் மங்கி, வெளுத்து, ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

அவள் போன் போட்டதும் கமால் ஓடிவந்து தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னா தண்ணிக்கா இது?"

"கடல் தண்ணிதான்."

"எந்தக் கடலு?"

"நம்ம கடலுதான். வேற எந்தக் கடலு?"

கமால் விரலை அவள் மூக்கு முன்னால் நீட்டினார். டீசல் நெடி அடித்தது. விரலில் வானவில் மாதிரி ஒரு பளபளப்பு ஒட்டியிருந்தது. ஃப்ளோரன்ஸ் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தண்ணீரில்தான் காணும் பொங்கலுக்குக் கால் நனைக்கிறார்கள், அந்தக் கரையில்தான் பிள்ளைகள் குளிக்கின்றன, அந்த ஓரத்தில் பிடித்த நண்டைத்தான் போன வாரம் அவளே குழம்பு வைத்தாள். கடலில் பிறந்த மீன் அதில் ஒரு மணி நேரம் உயிரோடு இருக்க முடியவில்லை. மீனைக் கொல்லப் பார்த்தோமே என்ற திகில் ஒரு பக்கம், இவ்வளவு நாள் எதற்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம் என்ற திகில் ஒரு பக்கம். இருக்கிற உப்பைக் கலக்கி, மிச்சமிருந்த ஆபீஸ் தண்ணீரையும் சேர்த்து, கமால் மீனை அதில் மாற்றினார். இது பத்தாது என்றார். ஆழக்கடல் தண்ணீர் கிடைத்தால்தான் பிழைக்கும் என்றார்.

அந்த நேரம் பார்த்து அலெக்ஸாண்டர் வந்து நின்றான். மீனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சத்தம் போடப்போகிறான் என்று அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டான். போனவன் சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினான், கையில் பெரிய கேன்கள். காசிமேட்டுக்குப் போயிருக்கிறான். அண்ணனைத் தூக்கி இறக்கிய நாளிலிருந்து அவன் கால் வைக்காத துறைமுகம் அது. வந்து அணைந்த லாஞ்சில் பழைய தோஸ்து ஜெயவேல் இருந்திருக்கிறான். மீன் கழுவ ஆழக்கடலில் மொண்டு வைத்திருந்த தண்ணீரை அவனிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். இனிமேல் ஒவ்வொரு தடவையும் ஜெயவேல் கொண்டுவருவான் என்று மட்டும் சொன்னான். ஏன்யா என்று அவள் கேட்டாள்.

"நீ அழுதா எனக்கு சோறு எறங்காதுமே," என்றான். "அத்த நான் பாக்க மாட்டேன். நீ பாத்துக்க."

தண்ணீர் சரியாகிவிட்டது. கண்ணில் இருந்த வெள்ளையும் குறைந்தது. ஆனால் மீன் தின்னவில்லை. எதைப் போட்டாலும் வந்து மோதிவிட்டுத் திரும்பிப் போனது. பசியோடு கிடக்கிற பிள்ளை தட்டைத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது ஃப்ளோரன்சுக்கு. கமால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தார். பல். பேத்தைக்குப் பல் நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்குமாம், ஓடும் சிப்பியும் கடித்தால்தான் தேயுமாம். மெத்தென்ற உருண்டையையே வருஷக்கணக்காகப் போட்டதில் பல் கிளிமூக்கு மாதிரி வளைந்து வாயையே அடைத்துவிட்டது. தன் கையால் ஆசை ஆசையாகப் போட்டதெல்லாம் அதைப் பட்டினி போட்டிருக்கிறது என்று கேட்டதும் ஃப்ளோரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெட்ட வேண்டும். கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் மயங்க வைத்து, தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, நகவெட்டி மாதிரி ஒன்றால் பல்லை நறுக்க வேண்டும். கமால் வீடியோவில் பார்த்ததோடு சரி. ஃப்ளோரன்ஸ்தான் முதலில் பிடிக்கப் போனாள். அது லேசாக உப்ப ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள். வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அலெக்ஸாண்டர் எழுந்து வந்தான். சின்ன வயதில் கரையில் ஒதுங்கும் பேத்தையை உப்ப வைத்து அண்ணனும் தம்பியும் பந்தாடியிருக்கிறார்கள், எங்கே பிடித்தால் உப்பாது என்று அந்தக் கைக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தான். கமால் நறுக்கினார். டக் டக்கென்று இரண்டு துண்டு. முடிந்ததும் அலெக்ஸாண்டர் சோப்பு போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மீன் சாப்பிட்டது. மறுநாள் காலை ஒரு மட்டியை ஓட்டோடு போட்டாள். சுற்றிச் சுற்றி வந்து, ஒரே கடி. கடக் என்று சத்தம் அடுப்படி வரை கேட்டது. அவள் பயந்து கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டாள். அப்புறம் நண்டுக் கால், ஓட்டோடு இறால் என்று வீட்டில் அவர்களுக்கு முன்னால் அது சாப்பிட்டது. வயிறு நிரம்பி, பொட்டெல்லாம் மை வைத்த மாதிரி கறுத்து, அவள் வீடு துடைத்தால் கூடவே வர ஆரம்பித்தது. அலெக்ஸாண்டர் மட்டும் தொட்டி இருந்த அறைக்குள் போகாமல் ஹாலிலேயே பாய் போட்டுக்கொண்டான். ஆனால் ஜெயவேலிடமிருந்து தண்ணீர் தவறாமல் வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் பூசை முடிந்து வந்த நேரத்தில், தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. முதலாளி. கையில் பிஸ்கெட் பாக்கெட். ஆயா, நல்லா இருக்கியா என்றபடி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மணலி புதுநகர் பக்கம் புதிதாக ஆபீஸ் போட்டிருக்கிறாராம். தொழில் ஏன் படுத்தது என்று அதே வாஸ்துக்காரர் இப்போது சொல்லிவிட்டாராம், மீனைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாததுதான் காரணமாம். அதே மீன் திரும்ப வந்தால் எல்லாம் நேராகிவிடுமாம். நீதான் எடுத்துட்டுப் போனேன்னு கட்டடக்காரர் சொன்னார், இருக்கா ஆயா என்று கேட்டார்.

ஃப்ளோரன்ஸ் மீன் இருந்த அறையின் திரையைத் திரும்பிப் பார்த்தாள். காசு போட்டு வாங்கியவர் அவர். கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது, தர மாட்டேன் என்று சொல்ல அவள் யார்? மறுபடியும் அந்த மூலை, மறுபடியும் மெத்தென்ற உருண்டை, மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை. திரைக்குப் பின்னால் காற்று மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கு சார் என்று சொல்ல அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"துன்னுட்டோம் சார்," என்றான் அலெக்ஸாண்டர்.

ஃப்ளோரன்ஸ் அவனைப் பார்த்தாள். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கடல்புறத்து ஆள் எவனும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாத பொய், அதுவும் இவன் வாயிலிருந்து. பேத்தையைத் தின்றோம் என்றால் இந்தத் தெருவில் சின்னப் பிள்ளையும் நம்பாது. முதலாளி நம்பினார். முகம் சுருங்கியது, அப்புறம் சிரித்தேவிட்டார். உங்க ஆளுங்க கையில மீன் கெடைச்சா சும்மா விடுவீங்களா, என் தப்புதான் என்றபடி எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, எப்படி இருந்துச்சு என்று கேட்டார். அலெக்ஸாண்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, நல்லா இருந்துது சார் என்றான்.

"அப்டியா? காசிமேட்டுல கெடைக்குமா? ஒரு நாள் வீட்ல செய்யச் சொல்லிப் பாக்கணும்."

கார் கதவு மூடிய சத்தம் கேட்டது. அலெக்ஸாண்டர் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் முகம் வெளுப்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். வெறுங்காலோடு ஓடினான். தெருமுனையில் திரும்பப்போன காரின் முன்னால் போய்க் கையை விரித்து விழாத குறையாக நின்றான். டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினான். தெருவே வெளியே வந்துவிட்டது.

"துன்னாத சார். பொய் சொன்னேன். அது பேத்தை சார், வெசம். எங்கண்ணன் யேசுதாசு அத்த துன்னுட்டுதான் என் கண்ணு முன்னாலயே செத்தான். மீனு உள்ள உசுரோடதான் கீது. நீ எடுத்துகினு போ. ஆனா துன்னாத சார்."

இறங்கிய கண்ணாடிக்குப் பின்னால் முதலாளியின் வாய் திறந்தபடியே இருந்தது. விஷமா, என்றார். இத்தனை வருஷமா என் ஆபீஸ்லயா, சாமி படத்துக்குப் பக்கத்துலயா என்றார். வாஸ்துக்காரரை என்னவோ சொல்லித் திட்டினார். எனக்கு வேணாம்ப்பா, நீங்களே வெச்சுக்குங்க, யாருக்கும் சொல்லிக்கினு இருக்காதீங்க என்றார். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது.

அலெக்ஸாண்டர் தெருவில் இருந்தவர்கள் யாரையும் பார்க்காமல் நடந்து வந்தான். காலில் எதுவோ குத்தி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஃப்ளோரன்ஸ் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவனுக்கு வாணாமாம்," என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்கண்ணன் பேரைச் சொல்லிட்டேன்மே. நடுரோட்டுல வெச்சு சொல்லிட்டேன்."

"கேட்டேன்யா," என்றாள் அவள். அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், காலைக் கழுவிவிட்டாள்.